பாண்டிசெல்வியின் கடைவாய்ப்பல்

தாரில் சுற்றிய நூல் தீர்ந்து தறி நின்றதும், ஊடை நூலைக் குறுக்கே கொண்டுபோகும் படகு போன்ற நாடாவைப் பாண்டிசெல்வியின் கை தானாக எடுக்கும். நூல் தீர்ந்த குச்சியைத் தட்டிப் போட்டுவிட்டு, நூல் சுற்றிய புதுத் தாரை நாடாவுக்குள் மாட்டுவாள். பிறகு நாடாவின் பக்கவாட்டில் இருக்கும் பொடி ஓட்டையில் உதட்டை வைத்து ஒரே இழுப்பு. உள்ளே கிடக்கும் நூல் நுனி சட்டென்று நாக்குக்கு வந்துவிடும். பார்க்கிறவர்களுக்கு அவள் நாடாவுக்கு முத்தம் கொடுப்பது போல இருக்கும். உதட்டில் ஒட்டிய பஞ்சைத் தோளில் துடைத்துக்கொண்டே தறியைத் தட்டிவிடுவாள்.

சோழபுரத்துக்கு வாக்கப்பட்டு வந்த காலம் முதல் இப்படித்தான். சத்திரப்பட்டி ரோட்டில் உள்ள அந்தத் தறி செட்டில் எல்லாப் பெண்களும் வாயால்தான் இழுக்கிறார்கள். ஆனால் மற்றவர்கள் இரண்டு மூன்று தரம் உறிஞ்ச வேண்டியதை இவள் ஒரு மூச்சில் முடித்துவிடுவாள். நாலு தறியை ஒற்றை ஆளாக ஓட்டுகிறவள். இளநீர் குடிக்கும்போதும் அவளுக்கு அதே முகம்தான் என்று கணவன் சங்கிலிப்பாண்டி கேலி செய்வான்.

அந்த செட்டில் நெய்வது பேண்டேஜ் துணி. காயத்துக்குக் கட்டுகிற, சல்லடை போன்ற மெல்லிய துணி. நெய்து முடித்த பொதிகளைத் தன் லோடு ஆட்டோவில் ஏற்றிச் சலவை ஆலைக்குக் கொண்டுபோவது சங்கிலிப்பாண்டியின் வேலை.

ஒரு வெள்ளிக்கிழமை டீ நேரத்தில், பக்கத்துத் தறி கனகலட்சுமி எல்லாருக்கும் கடலை மிட்டாய் கொடுத்தாள். மகன் விமல் புது பைக் எடுத்திருந்தான். பாண்டிசெல்வி வழக்கம்போல மிட்டாயை இடது பக்கம் ஒதுக்கிக் கடித்தாள். கடக் என்றது. கடலையில் கல் என்றுதான் முதலில் நினைத்தாள். உள்ளங்கையில் துப்பிப் பார்த்தபோது மிட்டாய்க்குள் சாம்பல் நிறத்தில் ஓர் உருண்டை இருந்தது. பக்கத்தில் அரிசி நொய் போல வெள்ளையாக ஒரு சில்லு. உருண்டை, பல் டாக்டர் முன்னால் அடைத்துவிட்ட அடைப்பு. சில்லு, அவளுடைய பல்.

"ஏட்டி, என் மவன் பைக் எடுத்ததுக்கு நீ பல்லையா காணிக்கை கொடுக்க?" என்றாள் கனகலட்சுமி. செட்டே சிரித்தது.

தார் சுற்றுகிற ஜெய்னப் மட்டும் எழுந்து வந்தாள். செட்டில் இளையவள் அவள்தான். "ஆ காட்டுங்கக்கா" என்று செல்போன் வெளிச்சத்தை வாய்க்குள் அடித்துப் பார்த்தாள். "பெரிய குழியா இருக்குக்கா. ஒரு பக்கத்துச் சுவரே போயிருச்சு."

பாண்டிசெல்வி சில்லைச் சேலை முந்தியில் முடிந்துகொண்டாள். சிரிப்பு அவளுக்கும் வந்தது, ஆனால் நாக்கு குழியைத் தொட்டதும் நின்றுவிட்டது. வலப்பக்கத்துக் கடைவாயில் அவளுக்குப் பல்லே கிடையாது. வலி வந்தபோதெல்லாம் போய்ப் பிடுங்கிக்கொண்டு வந்ததில் ஒவ்வொன்றாகப் போய்விட்டது. அரைப்பதற்கு மிச்சம் இருப்பது இடது பக்கம் மட்டும். அதிலும் மேல்பல்லோடு சரியாகச் சேர்ந்து அரைக்கிறது இந்த ஒரே பல்தான். இதை அடைத்துவிட்டபோது ஸ்ரீவில்லிபுத்தூர் டாக்டரம்மா அஸ்ஃபியா கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "இதையும் விட்டுட்டீங்கன்னா பொறவு கரைச்சுக் குடிக்கதுதான். இதுக்கு என்ன ஆனாலும் பிடுங்குறதுக்கு முன்னால எங்கிட்ட வரணும்." வருவதாக இவளும் சொல்லியிருந்தாள்.

டீ நேரம் முடிந்தது. நாடாவை எடுத்தாள், தாரை மாட்டினாள், உதட்டில் வைத்து இழுத்தாள்.

காற்று நேரே குழிக்குள் இறங்கியது. காதுக்குள் கம்பியைப் பழுக்கக் காய்ச்சி ஏற்றியது போல ஒரு வலி. நாடா கையிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது. அவள் தறியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நிற்கும்போதே அடுத்த தறியில் தார் தீர்ந்தது. அதற்கடுத்ததும் நின்றது.

முதலாளி வைகுண்டராஜ் கண்ணாடி அறையிலிருந்து வந்தார். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர், அவசரம் வந்தால் முதலில் அதுதான் வரும். "ஏமிம்மா செல்வி, தறியெல்லாம் கொலுப் பொம்மையாட்டம் நிக்குது?"

"செத்த நேரம் ஐயா. ஒரு போன் பேசிட்டு வாரேன்."

செட்டுக்கு வெளியே போய் டாக்டரின் கிளினிக்குக்குப் பேசினாள். டாக்டர் கல்யாணத்துக்காகக் காயல்பட்டினம் போயிருக்கிறார், திங்கட்கிழமை காலையில்தான் வருவார் என்றாள் போனை எடுத்த பெண். "அதுவரைக்கும் உப்புத் தண்ணியில கொப்பளிங்க. பொறவு அந்த ஓட்டையில…" அதற்குள் வைகுண்டராஜ் வாசலுக்கு வந்து நின்று இவளையே பார்த்தார். "சரிம்மா, திங்கக்கிழமை வாரேன்" என்று பாண்டிசெல்வி போனை வைத்துவிட்டாள்.

திங்கட்கிழமை வரை இந்தக் குழிக்குள் காற்றுப் போகாமல் இருக்க வேண்டும். அவ்வளவுதான் அப்போது அவள் மனதில் ஓடியது. கனகலட்சுமி அதற்கு வழி வைத்திருந்தாள். தறியில் சுருண்டுகொண்டிருந்த துணியின் ஓரத்தில் விரல் அகலம் கிழித்தாள். தன் டிபன் பைக்குள் எப்போதும் வைத்திருக்கும் கிராம்புத் தைலத்தில் அதை நனைத்து, திரி போலத் திரித்தாள்.

"ஊரு உலகத்துக் காயத்துக்கெல்லாம் நம்ம துணிதான் கட்டுதான். நம்ம பல்லுக்கு மட்டும் ஆகாதா? வாயத் தெற."

குழிக்குள் திரியை வைத்து, பாவு நூல் கோக்கும் கொக்கியின் முனையால் நன்றாக அமுக்கினாள். கண்ணில் தண்ணீர் வந்தது. ஆனால் கொஞ்ச நேரத்தில் தைலம் இறங்கிப் பல் மரத்துப்போனது. பாண்டிசெல்வி நாடாவை எடுத்து இழுத்துப் பார்த்தாள். வலி இல்லை. நூல் வந்தது. ஒன்றன்பின் ஒன்றாக நாலு தறியும் ஓடத் தொடங்கின.

"பாத்தியா?" என்றாள் கனகலட்சுமி, ஏதோ ஆஸ்பத்திரியே கட்டிவிட்டவள் போல.

சனிக்கிழமை விடியும்போது பாண்டிசெல்வி எழுந்ததே வலியால்தான். நேற்றுப் போலச் சுருக்கென்று வருகிற வலி இல்லை. உள்ளே யாரோ உட்கார்ந்து நிதானமாக உலக்கை போடுவது போல இருந்தது. கண்ணாடியில் பார்த்தாள். இடது கன்னம் லேசாகப் புடைத்திருந்தது. வாயைத் திறந்தால் புளித்த வாடை. அந்த வாடையை அவளுக்குத் தெரியும். பாவு நூல் அறுந்துபோகாமல் இருக்கப் போடுகிற கஞ்சி, மழை நாளில் நனைந்து கிடந்தால் இப்படித்தான் நாறும்.

நேற்று அமுக்கிய துணியை நாக்கால் தொட்டுப் பார்த்தாள். ஊறிய ஜவ்வரிசி மாதிரி உப்பி, குழியை நெருக்கிக்கொண்டு நின்றது. பஞ்சு நூல் எச்சிலைக் குடித்திருந்தது. கஞ்சி கரைந்திருந்தது. நேற்று ராத்திரி தின்ற சோற்றில் கொஞ்சமும் அதற்குள் போய் உட்கார்ந்திருக்க வேண்டும்.

அவள் யாரையும் எழுப்பவில்லை. வெந்நீர் வைத்து உப்புப் போட்டு, சூடு பொறுக்கும் அளவுக்கு ஆறவிட்டு, வாயில் வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தாள். துப்பினாள். மறுபடி வைத்தாள். திரி இளகும்வரை அதையே செய்தாள். பிறகு நூல் முடிச்சு எடுக்கிற சின்ன இடுக்கியைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டு எடுத்து, கண்ணாடி முன்னால் நின்று, திரியின் நுனியைப் பிடித்தாள். பிய்த்துவிடக் கூடாது. நாடாவிலிருந்து வரும் நூலை எப்படி அறுக்காமல் இழுப்பாளோ அப்படியே மெல்ல இழுத்தாள். கொழகொழவென்று வந்தது.

சங்கிலிப்பாண்டி பின்னால் வந்து நின்றிருந்தான். "என்னட்டி அது?"

"பேண்டேஜ் துணி."

"தறியில இருந்து வந்த காடாத் துணியவா வாய்க்குள்ள வச்ச? நாந்தான தெனமும் ஏத்திட்டுப் போறேன். அங்க அதை எம்புட்டு நேரம் அவிச்சு, வெளுத்து, காய வச்சுல்லா பொறவு ஆஸ்பத்திரிக்கு அனுப்புதான்! அதுக்கு முன்னால அது கஞ்சித் துணிட்டி. கரப்பான் ஓடுன துணி."

"தெரியும்."

"தெரிஞ்சுமா வச்ச?"

"கையில இருந்தது அதுதான்" என்றாள். ஆனால் சொல்லும்போதே அவளுக்குத் தன்மேல் கோபம் வந்தது. செட்டில் இருக்கிற அத்தனை பேருக்கும் தெரிந்த விஷயம்தான். நாள் பூராவும் அந்தத் துணிக்கு மருந்துப் பேர் சொல்லிச் சொல்லி, தறியிலிருந்து இறங்கும்போதே அது மருந்து என்று நம்பிவிட்டார்கள்.

கிளினிக் திறக்கும் நேரத்தில் மறுபடி பேசினாள். இந்தத் தடவை எல்லாவற்றையும் சொன்னாள், துணி வைத்ததையும் சேர்த்து. கொஞ்ச நேரத்தில் டாக்டரம்மாவே கூப்பிட்டார். பின்னால் கல்யாண வீட்டுச் சத்தம் கேட்டது.

"துணிய எடுத்துட்டீங்களா? முழுசா வந்துருச்சா? நல்லது. இனிமே ஓட்டைக்குள்ள எதையும் திணிக்காதீங்க. பஞ்சும் வேண்டாம், மாத்திரையப் பொடிச்சும் வைக்க வேண்டாம், ஈறு வெந்துரும். பசை எதுவும் போட்டு ஒட்டிராதீங்க. வலிச்சா பாரசிட்டமால் முழுங்குங்க. சாப்பிட்ட பொறவெல்லாம் உப்புத் தண்ணி. நாக்குல குத்துதா?"

"ஓரம் ரம்பம் மாதிரி அறுக்கு டாக்டர்."

"சுத்தமான மெழுகுவத்தி இருந்தா துளி எடுத்து உருட்டி, அந்தக் கூரான ஓரத்து மேல மட்டும் ஒட்டிக்கோங்க. வீக்கம் கழுத்துக்கோ கண்ணுக்கோ ஏறினாலோ, காய்ச்சல் வந்தாலோ, முழுங்க முடியலைன்னாலோ எனக்காகக் காத்திருக்கக் கூடாது. நேரா பெரியாஸ்பத்திரிக்குப் போயிரணும். சரியா? வலி எப்ப ரொம்ப வருது?"

"நாடா இழுக்கும்போது."

"நாடான்னா?"

பாண்டிசெல்வி விளக்கினாள்.

"வாயாலயாம்மா இழுக்குறீங்க? இத்தனை வருசமாவா? திங்கக்கிழமை வரைக்குமாவது அது வேண்டாம்."

"இழுக்காட்டித் தறி ஓடாதே டாக்டர்."

"தறிக்கு நான் என்ன சொல்ல? பல் வேணும்னா இழுக்கக் கூடாது."

பல் வேண்டும். அதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. லீவு போடுவதும் அவளால் முடியாது. அந்த வாரம் செட்டில் ஆள் குறைவு, கேட்டாலும் கிடைக்காது. மீறிப் போட்டால் தறி வேறு ஆளுக்குப் போய்விடும். ஆகவே மெழுகை ஒட்டிக்கொண்டு, முகத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு வேலைக்குப் போனாள். போனதும் பழைய இரும்புச் சாமான் கிடக்கிற மூலையில் மெல்லிய கம்பி ஒன்றைத் தேடி எடுத்தாள். நுனியை வளைத்துக் கொக்கியாக்கி, சிமெண்டுத் தரையில் தேய்த்து முனையை மழுக்கினாள். நாடாவின் ஓட்டைக்குள் விட்டுத் துழாவினாள். நூல் மாட்டவில்லை. மறுபடி விட்டாள். மாட்டியது, வெளியே வரும்போது அறுந்தது.

"ஏட்டி, நீயே பல் டாக்டராயிட்டியா? நாடாவுக்கு வேர் வைத்தியம் பாக்க?" என்று கனகலட்சுமி அந்தப் பக்கத்திலிருந்து கத்தினாள்.

"உன் வைத்தியத்துக்கு இது தேவல" என்று இவளும் கத்தினாள். கத்தியதில் பல் விண்ணென்று வலித்தது. அதற்கப்புறம் கனகலட்சுமியின் கேலிக்கு அவள் வாயே திறக்கவில்லை.

கொக்கி பழகுவதற்குள் தறிகள் நின்று நின்று ஓடின. வைகுண்டராஜ் இரண்டு தடவை வந்து பார்த்தார். மூன்றாவது தடவை, "செல்வி, ரெண்டு தறிய கனகலட்சுமிகிட்ட விட்டுரு. நீ ரெண்டை மட்டும் பாரு" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் அவளுக்கு அதிகமாகக் குத்தியது. அந்த நாலு தறியும் ஒரு நாளும் அவள் கையை விட்டுப் போனதில்லை.

துண்டை இறக்கி, மெதுவாக, உதடு அசையாமல் சொன்னாள்: "இப்ப அவகிட்டக் குடுங்க ஐயா. திரும்ப நான் வாங்கிக்குவேன்."

ஞாயிற்றுக்கிழமை வீக்கம் கொஞ்சம் வடிந்திருந்தது. வலி இருந்தது. சங்கிலிப்பாண்டி கறி எடுத்துக் குழம்பு வைத்திருந்தான். வாசனை வீடெல்லாம் மணந்தது. அவள் கரைத்த சோற்றை, அதுவும் ஆறவைத்து, குடித்துக்கொண்டிருந்தாள். அவன் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்து சட்டையை மாட்டினான்.

"கெளம்பு. ராஜபாளையத்துல ஞாயித்துக்கெழமையும் பல்லு பிடுங்குத இடம் இருக்காம். பத்து நிமிச சோலி. ராத்திரியெல்லாம் நீ முனங்குதத என்னால கேக்க முடியல."

"நாளைக்கு டாக்டரம்மாகிட்டப் போறேன்."

"அவிய மட்டும் என்ன தங்கப்பல்லா கட்டப் போறாவ? போன பல்லுக்காக யாரு இப்படிக் கெடந்து சாவா?"

"போகல. வேரு உள்ளதான் இருக்கு."

"ஏட்டி, வலிக்குதுல்லா? பிடுங்குனா வலி போயிரும்லா?"

"போயிரும்" என்றாள். கிண்ணத்தைக் கீழே வைத்தாள். "வலப்பக்கம் அத்தனையும் அப்படித்தான் போச்சு. ஒவ்வொரு தடவையும் நீங்கதான் வண்டியில கூட்டிட்டுப் போனீக, ஒவ்வொரு தடவையும் வலி போயிரும்னுதான் சொன்னீக. போச்சு. கூடவே பல்லும் போச்சு. இதுவும் போனா இந்தக் கறிய நான் எதுல திங்க? நீங்க மென்னு குடுப்பீகளா?"

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு, சாவியைச் சுழற்றியபடி வாசலில் நின்றான். பக்கத்து வீட்டு வெள்ளத்தாய் சுவருக்கு மேல் எட்டிப் பார்த்து, "பிடுங்கிரு செல்வி, எனக்குப் பிடுங்கினதும் தூக்கம் வந்துருச்சு" என்று தன் பங்குக்குச் சொன்னாள். சிரித்தபோது அவள் வாயில் முன்பல் மட்டும் தெரிந்தது. பாண்டிசெல்வி அந்த வாயைப் பார்த்தாள். உப்புத் தண்ணீர் வைக்க உள்ளே போனாள். வாசலில் வண்டி கிளம்பும் சத்தம் கேட்கவில்லை. திரும்பி வந்து பார்த்தபோது அவன் சட்டையைக் கழற்றிவிட்டு, அவளுக்காக மறுபடி சோற்றைக் கரைத்துக்கொண்டிருந்தான். கட்டி கட்டியாக இருந்தது. குடித்தாள்.

திங்கட்கிழமை காலையில் இருவரும் பஸ்ஸில் ஸ்ரீவில்லிபுத்தூர் போனார்கள். கிளினிக்கில் கூட்டம். நாற்காலியில் படுத்ததும், சேலை மாற்றும்போதெல்லாம் மறக்காமல் முடிந்துவைத்த பல் சில்லை முந்தியோடு பற்றிக்கொண்டாள். இத்தனை நாள் வலியைப் பொறுத்துக்கொண்டது இந்த ஒரு பேச்சைக் கேட்பதற்காக. அது எடுத்துவிட வேண்டும் என்ற பேச்சாக இருந்துவிட்டால்?

டாக்டர் அஸ்ஃபியா மெழுகை எடுத்தார். கழுவினார். படம் எடுத்தார். சின்னக் கம்பியால் பல்லைத் தட்டினார். பாண்டிசெல்வியின் கால்கள் துள்ளின.

"வலிக்குதா? வலிக்கட்டும். வலிக்குதுன்னா உசிரு இருக்குன்னு அர்த்தம்" என்று சொல்லிவிட்டு, எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தார். பாண்டிசெல்வி முந்தி முடிச்சை அவிழ்த்துச் சில்லை நீட்டினாள்.

"இது பொடி. இத வச்சு ஒண்ணும் செய்ய முடியாதும்மா. ஆனா பத்திரமா கொண்டுவந்தது நல்ல பழக்கம்தான்." சில்லை வாங்கித் தட்டில் போட்டார். "சுவர் ஒண்ணுதான் போயிருக்கு. வேர் கெட்டியா இருக்கு. சதையில சீழ் பிடிக்கத் தொடங்கியிருக்கு, அது அந்தத் துணியால. இன்னும் ரெண்டு நாள் அது உள்ளயே இருந்திருந்தா நான் வேற பேச்சுப் பேசியிருப்பேன்."

"அப்ப எடுக்க வேண்டாமா?"

"எதுக்கு எடுக்கணும்? வேருக்கு வைத்தியம் பண்ணி மேல கேப் போடுவோம். மூணு நாலு தடவை வரணும். வருவீங்களா?"

"வருவேன்" என்றாள். வாய் முழுக்கப் பஞ்சு இருந்ததால் அது வேறு ஏதோ சத்தமாக வந்தது. வெளியே பெஞ்சில் இருந்த சங்கிலிப்பாண்டி அலறலென்று நினைத்து எழுந்து உள்ளே வந்துவிட்டான்.

சொன்னபடியே ஒவ்வொரு தடவையும் வந்தாள். ஒரு தடவை பஸ் வராமல், அவனுடைய லோடு ஆட்டோவில் துணிப் பொதிகளுக்கு நடுவே உட்கார்ந்து வந்தாள். நடுவில் கம்பிக் கொக்கி கைக்குப் பழகியது. வைகுண்டராஜ் கேட்காமலே, விட்ட இரண்டு தறியையும் திரும்ப ஓட்டத் தொடங்கினாள். அடுத்து தறி ஓட்டப் பழகப்போகிற ஜெய்னப், ஒரு நாள் தனக்கும் ஒரு கொக்கி வளைத்துத் தரச் சொன்னாள்.

இப்போது அந்தப் பல்லின் மேல் கேப் போட்டிருக்கிறது. மற்ற பற்களைவிடக் கொஞ்சம் வெள்ளையாகத் தெரியும். எலும்பைக் கடிக்க வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். மற்றபடி சோறு, தோசை, கறி எல்லாம் பாண்டிசெல்வி அதில்தான் அரைத்துச் சாப்பிடுகிறாள்.